கலவன்

வெயில்வாசல் மூன்றாவது நாளும் கார்மேகத்தை உள்ளே விடவில்லை.

உப்பளத்துக்குப் போகும் மண்பாதையின் குறுக்கே இந்த வாரம்தான் அதை நிறுத்தியிருந்தார்கள். ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கதவு. பக்கத்துத் தூணில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை. விரலை விட்டால் எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்று குத்தும். அந்தச் சொட்டு ரத்தத்தை உள்ளே இருக்கும் மரபுமானி நான்கு நொடியில் படித்துவிடும். பச்சை எரிந்தால் கதவு திறக்கும். கார்மேகத்துக்குச் சிவப்புதான் எரிந்தது. கூடவே ஒரு பெண்குரல், விருந்தாளியை உபசரிக்கிற இனிமையோடு பேசியது.

"உங்கள் உடலில் வெப்பத்தாங்கி மரபணு உள்ளது. அதை வைத்திருக்க உங்களிடம் உரிமம் இல்லை. தயவுசெய்து நிழலுக்குத் திரும்புங்கள்."

"எங்கப்பன் வச்சிட்டுப் போனது தாயீ," என்றான் கார்மேகம். வாசலுக்குக் காது கிடையாது. பின்னால் நின்ற வடக்கத்தி இளைஞன் விரலை நீட்டினான். பச்சை எரிந்தது. அவன் பிறந்த ஊரில் மார்கழிக்குப் பனிக்கட்டி விழும். போன மாதம்தான் ஊசி போட்டுக்கொண்டு இங்கே வந்திருந்தான். முப்பது வருடமாக உப்பு வாரிய கார்மேகத்தின் வாருபலகையை வாங்கிக்கொண்டு, பாவம், தலை குனிந்தபடி உள்ளே போனான்.

விஷயம் ஒன்றும் சிக்கலானது இல்லை. கேட்டால் சிரிப்பு வரும், சிரித்து முடித்த பிறகு வயிறு எரியும், அவ்வளவுதான். பத்து வருடத்துக்கு முன் வந்த செங்கோடையில் ஒரே வாரத்தில் ஊர் ஊராக ஜனங்கள் சுருண்டு விழுந்து செத்தார்கள். உடனே வெயில் காப்புச் சட்டம் வந்தது. சூட்டைத் தாங்கும் உடம்பு என்று நிரூபிக்காத யாரும் வருடத்தில் ஒன்பது மாதம் பகலில் திறந்த வெளியில் வேலை செய்யக்கூடாது. நல்ல சட்டம்தான், குறை சொல்ல முடியாது. அதே சமயம் தண்ணிழல் உயிரகம் என்ற கம்பெனி, செங்கோடையில் ஒரு சாவுகூட விழாத ஏழளம் உப்பளத்துக்கு வந்து இலவச மருத்துவ முகாம் போட்டது. ஆளுக்கு ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு குடை கொடுத்தது. ஜனங்கள் குடையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். அந்தச் சொட்டுகளிலிருந்து, எந்தச் சூட்டிலும் சிறுநீரகம் சுருங்காமல் காக்கும் ஒரு மரபணுவைப் பிரித்தெடுத்த கம்பெனி, அது தன் கண்டுபிடிப்பு என்று காப்புரிமை வாங்கியது. உடம்புக்குள் இருந்தால் இயற்கையாம், வெளியே எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் வைத்தால் கண்டுபிடிப்பாம். மேல் நீதிமன்றங்களும் அதற்குத் தலையாட்டிவிட்டன. குப்பியில் இருந்தது நிழலூசியாகி ஊரெல்லாம் விற்பனையானது.

மரபணு இருக்கிறதா என்று படித்துப் பார்ப்பதற்கும் கம்பெனியின் அனுமதி வேண்டும். ஊசி போட்டவர்களுக்கு மட்டும்தான் அது அனுமதி கொடுத்தது. அப்படியானால் ஏழளத்துக்காரர்களும் ஒரு ஊசி போட்டுக்கொண்டு போகலாமே என்று கேட்டால், அதுவும் முடியாது. பிறவியிலேயே அது இருக்கிற உடம்பில் ஊசியும் ஏறினால் ஆறே மாதத்தில் சிறுநீரகம் கெட்டுவிடும். ஆக, உலகத்தில் எல்லோரும் வெயிலில் வேலை செய்யலாம், வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவர்களைத் தவிர.

கார்மேகத்தின் மனைவி உலகவடிவு வழக்கறிஞர். விதை, மருந்து, பூச்சிக்கொல்லி என்று இருபது வருடமாகக் காப்புரிமை வழக்குகள்தான் அவள் பிழைப்பு. ஒரே மகள் ஆழினிக்கு இருபத்திரண்டு வயது. கடல் எவ்வளவு கரையைத் தின்றிருக்கிறது என்று அளந்து வரைபடம் போடும் வேலைக்கு அவள் தேர்வாகியிருந்தாள். சின்ன வயதிலிருந்து அவள் ஆசைப்பட்ட வேலை. ஜூன் ஒன்றாம் தேதி வெயில் அனுமதியோடு வந்து சேர வேண்டும், தவறினால் அடுத்தவருக்குப் போய்விடும் என்று உத்தரவில் எழுதியிருந்தது. ஆழினியும் போய் வாசலில் விரலை விட்டுப் பார்த்தாள். அப்பாவுக்கு எரிந்த அதே சிவப்பு எரிந்தது.

இந்த நிலைமையில்தான் பிப்ரவரி மாதம் ஒரு காலையில் தவசிலிங்கம் அவர்கள் வீட்டுப் படியேறினார். வடிவு பிறந்த கூட்டமான ஏழளத்தாரின் சங்கத்துக்குத் தலைவர். வடிவின் அப்பாவுக்கு அண்ணன் முறை. இருபத்து நான்கு வருடமாக அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதர். அவர் கக்கத்தில் பட்டுத்துணி சுற்றிய பெரிய புத்தகம் ஒன்று இருந்தது.

"பழச மனசுல வச்சுக்கிடாத வடிவு," என்றார் உட்கார்ந்ததும்.

"கோடு போட்டது நீங்கதான பெரியப்பா?"

"சங்கம் போட்டுச்சு. இந்தக் கையா போட்டுச்சு?" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அந்தக் கைதான் போட்டது. வடிவு நேரில் பார்த்திருக்கிறாள்.

பட்டுத்துணிக்குள் இருந்தது ஏழளத்தாரின் கொடிவழிப் பதிவேடு. பதினோரு தலைமுறையாக யார் யாரைக் கட்டினார்கள், யாருக்கு யார் பிறந்தார்கள் என்று ஒரு வரி விடாமல் எழுதிவைத்திருந்தார்கள். ஒவ்வொரு மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்திலும் 'உச்சி தேறினான்' என்று ஒரு குறிப்பு. நிச்சயத்துக்கு முன் மாப்பிள்ளை சித்திரை மாத உச்சி வெயிலில், பெண் வீட்டார் வரப்பில் நின்று பார்க்க, ஒரு பாத்தி உப்பைத் தனியாக வாரி முடிக்க வேண்டும். பாதியில் தலை சுற்றினால் சம்பந்தம் முறிந்தது. அதற்கு உச்சி வாருதல் என்று பெயர். வெளியே கட்டியவர்களின் பெயர்மேல் சிவப்புக் கோடு. வடிவின் பெயர்மேலும் அது இருந்தது.

கார்மேகம் உப்பளத்துக்கு அந்தப்புறம் இருக்கும் மேட்டுத்தெருக்காரன். மேட்டுத்தெருவும் அதே உப்பளத்தில்தான் தலைமுறை தலைமுறையாக வாரியது, ஆனால் சங்கத்தின் கணக்கில் அவர்கள் வேறு ஆட்கள். கல்யாணப் பேச்சு வந்தபோது கார்மேகம் நேராகச் சங்கத்து முற்றத்துக்குப் போய், நானும் உச்சி வாருகிறேன் என்று நின்றான். ஒரு பாத்திக்கு இரண்டு பாத்தி வாரிக்காட்டினான். சங்கம் அதைப் பார்த்துவிட்டுத்தான் கோடு போட்டது.

"கம்பெனிக்காரன் என்னத்தக் கண்டுபிடிச்சான்?" என்றார் தவசிலிங்கம். "இது கண்டவன் வீட்டுல பொண்ணு எடுத்து வந்த உடம்பா? பதினோரு தலைமுறையா பொறுக்கிப் பொறுக்கிச் செஞ்சது. நாங்க செஞ்சு வச்சத அவன் எடுத்துட்டுப் போயிட்டான். இத நீ கோர்ட்டுல சொல்லு. ஜெயிச்சுக் குடு, உன் பேர நானே மறுபடி எழுதுதேன்."

வடிவுக்கு உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு ஓடியது. அது பெயருக்காக என்று அவள் தனக்கே ஒப்புக்கொள்ளவில்லை. வழக்குக்காக என்று நினைத்துக்கொண்டாள். உண்மையாகவே நல்ல வழக்குதான். கம்பெனிக்கு முன்பே ஒருவர் அந்தப் பொருளைச் செய்து பயன்படுத்தியிருக்கிறார், அதற்கு எழுத்து ஆதாரமும் இருக்கிறது என்று காட்டிவிட்டால் காப்புரிமை அந்த இடத்திலேயே செத்துவிடும். இப்படியொரு ஆதாரம் கையில் கிடைக்கிற வழக்கறிஞர் நூற்றில் ஒருவர்கூட இருக்கமாட்டார்.

தவசிலிங்கம் போன பிறகு கார்மேகம் அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"எல்லாம் கேட்டுட்டுத்தான் இருந்தேன். செங்கோடைல எங்க மேட்டுத்தெருவுலயுந்தான் ஒரு சாவு விழல. நாங்களும் அதே பாத்தியிலதான நின்னோம்? எங்ககிட்டயும் அது இருக்குன்னு அந்த வாசலே சொல்லுது. எங்க ஆளுக யாரும் யாரையும் பொறுக்கல வடிவு. வெயிலு செஞ்சது, உப்பு செஞ்சது. எங்கள வரிசையா கூட்டிட்டுப் போயி நிறுத்து. இது யாரு செஞ்சதும் இல்ல, யாருக்கும் சொந்தம் இல்லன்னு சொல்லு."

"அந்த வாதத்தை ஏற்கனவே ஒரு தடவை தள்ளுபடி பண்ணிட்டாங்க. திரும்ப உச்ச நீதிமன்றம் வரைக்கும் போகணும். எட்டு வருஷம் ஆகும், ஒன்பது வருஷம் ஆகும். இதுன்னா மூணே மாசம்."

"அப்ப எங்க ஆளுகளையும் சேத்து, ரெண்டு பேரும் செஞ்சதுன்னு சொல்லு."

"உங்க ஆளுகளக் கூப்பிட்டா, பொறுக்காமலே வந்திருக்கேன்னு எதிர்க்கட்சி வக்கீல் கேப்பான். மொத்த வழக்கும் விழுந்துரும்."

"எங்கள மறைக்கச் சொல்லுத."

"மறைக்கல. சொல்லாம விடுதோம். ஆழினிக்கு ஜூன்ல சேரணும்ங்க. காப்புரிமை ரத்தாச்சுன்னா வாசலே இருக்காது. உங்களுக்கு, உங்க தெருவுக்கு, எல்லாருக்கும் தெறந்துரும்."

கார்மேகம் குடத்தை எடுத்தான். "சரி, உனக்குத் தெரியாததா," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனான். அவன் சண்டை போட்டிருக்கலாம். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வடிவு அன்றே மனுவை எழுத உட்கார்ந்தாள். கம்பெனியின் காப்புரிமையை ரத்து செய்க என்று கோரிக்கையை முடித்தாள். அதற்குக் கீழே, எந்த வழக்கறிஞரும் எந்த மனுவிலும் யோசிக்காமல் போடுகிற அந்தக் கடைசி வரியையும் போட்டாள்: 'அல்லது தீர்ப்பாயம் தகுந்ததெனக் கருதும் பிற பரிகாரம் வழங்குக.'

காப்புரிமைத் தீர்ப்பாயத்தில் நீதிபதி தாட்சாயணி பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கம்பெனியின் வழக்கறிஞர் எழுந்து, இது வெறும் கல்யாணப் பழக்கம், இதைப் போய்ச் செய்முறை என்று சொல்லலாமா என்று கேலியாகக் கேட்டார். நீதிபதியின் விரல் ஒரு பக்கத்தில் நின்றது.

"இந்தச் சிவப்புக் கோடுகள் என்ன?"

வடிவு எழுந்தாள். இந்தக் கேள்விக்காகத்தான் அவள் மூன்று மாதமாகக் காத்திருந்தாள்.

"விதைப் பண்ணையில் கலவன் பிடுங்குவார்கள், அம்மா. வரிசையாக ஒரே ரகம் வளரும்போது நடுவில் வேறு சாயலில் ஒரு செடி தலைகாட்டும். அதற்குக் கலவன் என்று பெயர். பூப்பதற்கு முன் அதை வேரோடு பிடுங்கி எறிந்தால்தான் ரகம் சுத்தமாக நிற்கும். விதைக்காரர் அப்படிச் செய்தால் புது ரகம் உருவாக்கினார் என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. இவர்கள் பதினோரு தலைமுறையாக அதைத்தான் செய்திருக்கிறார்கள். உச்சி வாருதல் என்பது தேர்வு. சிவப்புக் கோடு என்பது கலவன் பிடுங்குதல். நீங்கள் விரல் வைத்திருக்கும் அந்த வரியில் இருப்பது என் பெயர். நான் பிடுங்கப்பட்ட கலவன்."

கம்பெனியின் வழக்கறிஞர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இருபத்து நான்கு வருட அவமானத்தை இப்படி ஓர் ஆயுதமாகத் திருப்பிப் பிடித்துவிட்டோமே என்று வடிவுக்குப் பெருமை பொங்கியது. வெட்கப்படவேண்டிய இடம் அது. அப்போது அவளுக்கு அது தெரியவில்லை.

ஒரு விஷயம் மட்டும் அவளை உறுத்தியது. கம்பெனியிடம் மேட்டுத்தெரு ரத்தமும் இருந்தது. அதே முகாமில் அவர்களும்தான் குடை வாங்கினார்கள். ஆனால் மூன்று மாத விசாரணையில் கம்பெனி மேட்டுத்தெருவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் பொருள் இயற்கையினுடையது என்றாகிவிடும். அப்புறம் யாருக்கும் அதன்மேல் உரிமை கிடைக்காது. அந்த ஒரு விஷயத்தில் இரண்டு கட்சியும் பேசிவைத்துக்கொள்ளாமலே ஒற்றுமையாக இருந்தன.

மே மாதக் கடைசியில் தீர்ப்பு வந்தது. வெப்பத்தாங்கி மரபணு இயற்கைப் பொருள் அல்ல, மனித முயற்சியால் உருவாக்கப்பட்டது. உருவாக்கியவர்கள் ஏழளத்தார். உருவாக்கப்பட்ட பொருளுக்கு உரிமை இல்லாமல் போவது நியாயம் இல்லை. ஆகவே காப்புரிமையை ரத்து செய்யத் தேவையில்லை. தகுந்த பிற பரிகாரமாக, அது இன்றிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு ஏழளத்தார் சங்கத்தின் பெயருக்கு மாற்றப்படுகிறது.

வடிவு அந்தக் கடைசி வரியை மூன்று முறை படித்தாள். வெளியே வேட்டுச் சத்தம் கேட்டது. தவசிலிங்கம் அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டு, வராந்தாவிலேயே பதிவேட்டைத் திறந்து, சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் அவள் பெயரைப் புதிதாக எழுதினார். கணவர் என்ற கட்டத்தை எழுதாமல் விட்டார். அவசரத்தில் விட்டிருப்பார் என்று அவள் நினைத்தாள்.

ஜூன் ஒன்றாம் தேதி காலை ஆழினி புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு அப்பாவோடு வெயில்வாசலுக்குப் போனாள். வாசல் அப்படியே நின்றது. தண்ணிழலின் பலகை இருந்த இடத்தில் சங்கத்தின் பலகை தொங்கியது. அடியில் சின்ன எழுத்தில், பராமரிப்பு: தண்ணிழல் உயிரகம். தீர்ப்பு வந்த வாரத்திலேயே கம்பெனியும் சங்கமும் கைகுலுக்கிவிட்டன. ஊசி முன்போலவே விற்கும். வடக்கத்தி இளைஞனுக்கு முன்போலவே பச்சை எரியும். ஏழளத்தார் வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் பச்சை எரிந்தது. கார்மேகம் விரலை விட்டான்.

"உங்கள் உடலில் ஏழளத்தார் சங்கத்துக்குச் சொந்தமான மரபணு உள்ளது," என்றது அதே இனிமையான குரல். "அதை வைத்திருக்க உங்களிடம் உரிமம் இல்லை. தயவுசெய்து நிழலுக்குத் திரும்புங்கள்."

ஆழினிக்கும் அதுவேதான் சொன்னது. மேட்டுத்தெருவிலிருந்து வந்த நூற்றுச்சொச்சம் பேருக்கும் அதுவேதான் சொன்னது. மதியத்துக்குள் தெரு முழுக்க அறிவிப்பு வந்து சேர்ந்தது. அதில் வடிவு மன்றத்தில் பேசியது வரிக்கு வரி எடுத்துப் போடப்பட்டிருந்தது. பதிவேட்டில் இல்லாத ஓர் உடம்பில் மரபணு இருந்தால், அது சங்கத்தாரின் மூலத்திலிருந்து முறையற்ற வழியில் போனதாகவே கொள்ளப்படும். அத்தகைய உடம்புகள் இனி கலவன் நகல் என்று குறிப்பிடப்படும்.

கார்மேகம் அதை இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தான். "முறையற்ற வழின்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டான். "எங்கம்மாவச் சொல்லுதானுகளா?"

வடிவு செருப்பை மாட்டிக்கொண்டு சங்கத்துக்குப் போனாள்.

தவசிலிங்கம் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று வரவேற்றார். மோர் கொண்டுவரச் சொன்னார். அவர் முகத்தில் கள்ளம் ஏதும் இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"வாசல் எல்லாருக்கும் தெறக்கும்னு நான் நெனச்சேன் பெரியப்பா."

"நான் அப்படிச் சொல்லலியேம்மா. பதினோரு தலைமுறையா செஞ்சது. கண்டவனுக்கும் தூக்கிக் குடுக்கவா?"

"என் மக கண்டவளா?"

"யாரு சொன்னா? உன் மகளுக்குன்னுதான் ஒரு சலுகை சேத்திருக்கேன். நாலாவது பிரிவப் பாரு. நகலா இருந்தாலும் சங்கத்துக்குள்ள கல்யாணம் முடிச்சா உரிமம் இலவசம். ரத்தம் திரும்ப வந்துருதுல்லா? என் பேரனே இருக்கான், போன சித்திரையில உச்சி தேறினவன். நல்ல பையன்."

"நான் மேல்முறையீடு போடுவேன்."

"எப்படிப் போடுவ?" என்றார் அவர். குரலில் உண்மையான அக்கறை இருந்தது. "நீ எங்க வக்கீலுல்லா? எங்க வழக்குல எங்களுக்கு எதிரா நீயே நிக்க முடியாதே. சட்டம் அப்படித்தானம்மா சொல்லுது? வேற ஆள வச்சாலும், இது யாரு செஞ்சதும் இல்ல, இயற்கைன்னு சொல்லணும். அத நீதான உடைச்ச? இருபது வருஷந்தான் வடிவு. கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ஓடிரும்."

இருபது வருடம் கழித்து ஆழினிக்கு நாற்பத்திரண்டு வயது ஆகும். கடல் அதற்குள் எவ்வளவு கரையைத் தின்றிருக்கும் என்று வேறு யாராவது அளந்து சொல்வார்கள். வடிவு மோரைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாள். இருபத்திரண்டு வயதில் இதே முற்றத்திலிருந்துதான் அவள் வெளியேறிப் போனாள். அன்றைக்கு அவர்களிடம் ஒரு பேனாவும் சிவப்பு மையும் மட்டும்தான் இருந்தன. மீதியை அவள்தான் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தபோது முன்வாசலில் மேட்டுத்தெருக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கார்மேகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் தண்ணிழல் முகாமில் வாங்கிய பழைய குடை. யாரும் அவளைத் திட்டவில்லை. கார்மேகம் மட்டும், "நமக்கு ஒரு வக்கீல் வேணும், யாராச்சும் தெரிஞ்சா சொல்லு," என்றான். அவள் பக்கம் திரும்பாமல்தான் சொன்னான்.

உள்ளே ஆழினி சங்கத்திலிருந்து வந்த படிவத்தை மேசைமேல் விரித்துவைத்திருந்தாள். சங்கத்துக்குள் மணம் முடிக்கச் சம்மதம் என்று ஒரு கட்டம், சம்மதமில்லை என்று ஒரு கட்டம். சம்மதமில்லை என்றால் உடம்பிலுள்ள மரபணுவைப் பயன்படுத்தாமல் இருப்பதாக, அதாவது வெயிலில் இறங்காமல் இருப்பதாக, உறுதிமொழி எழுதித்தர வேண்டும். அவள் இரண்டாவது கட்டத்தில் பேனாவை வைத்தவள், கீழே பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"அம்மா, கடைசியில ஒரு வரி இருக்கே. 'அல்லது நகலின் பொருட்டுச் சங்கம் தகுந்ததெனக் கருதும் பிற பரிகாரம்.' அப்படின்னா என்னை என்ன செய்வாங்க?"

வடிவு குனிந்து பார்த்தாள். அவளுடைய மனுவிலிருந்து எடுத்து எழுதியிருந்தார்கள். தீர்ப்பாயம் இருந்த இடத்தில் சங்கம் இருந்தது.

"தெரியல," என்றாள். "வழக்கமா போடுற வரிதான் அது. நாங்க யாரும் அதைப் படிக்கிறதில்ல."